ஒரே ஆற்றை இரு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அளந்தபோது

கேள்வி இது: "பல மாநிலங்களும் நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் ஆற்றில், பல்கலைக்கழகங்கள் கூட்டாக ஆய்வு செய்வதால் உண்மையில் ஏதாவது மாறியிருக்கிறதா? அல்லது கருத்தரங்கு, அறிக்கை, அடுத்த மானியம் என்று முடிந்துவிடுகிறதா?"

மாறியிருக்கிறது. ஆனால் எல்லா ஆய்வாலும் அல்ல. நல்ல ஆய்வு என்பதாலேயே ஒன்றை யாரும் மதித்துவிடுவதில்லை. பேச்சுவார்த்தையில் எதிரெதிராக உட்காரும் இரு தரப்பையும் சேர்ந்த ஆய்வாளர்கள், ஒரே இடத்தில் ஒரே முறையில் அளந்து, முடிவை ஒன்றாகக் கையெழுத்திட்டுக் கொடுக்கும்போதுதான் அந்த எண் ஒப்பந்தத்துக்குள் நுழைகிறது. ஒரு தரப்பு மட்டும் சொன்ன எண், சரியாகவே இருந்தாலும், அலமாரியில் கிடக்கிறது. கொலராடோ ஆற்றில் இந்த இரண்டுமே நடந்திருக்கின்றன. அதனால் மேகாங், நைல் என்று ஊர் சுற்றாமல் இந்த ஓர் ஆற்றோடு நிற்கிறேன்.

கொலராடோ சுமார் 2,330 கி.மீ. நீளம். அமெரிக்காவின் 7 மாநிலங்கள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. கடைசியில் மெக்சிகோவுக்குள் நுழைந்து கலிஃபோர்னியா வளைகுடாவில் கலக்க வேண்டும். "வேண்டும்" என்று சொல்லக் காரணம், கடந்த அரை நூற்றாண்டில் பெரும்பாலான ஆண்டுகளில் அது கடலைத் தொடவில்லை. சுமார் 4 கோடி மக்கள் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறார்கள். அங்கே கணக்கு ஏக்கர் அடியில் ஓடும். நமக்குப் பழகிய டி.எம்.சி.க்கு மாற்றித் தருகிறேன். 10 லட்சம் ஏக்கர் அடி என்பது ஏறத்தாழ 43.5 டி.எம்.சி.

1922 நவம்பரில் 7 மாநிலப் பிரதிநிதிகள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கூடி ஆற்றை இரண்டாக வகுத்தார்கள். மேல் படுகைக்கு 327 டி.எம்.சி., கீழ்ப் படுகைக்கு 327 டி.எம்.சி. பிறகு 1944 உடன்படிக்கை மெக்சிகோவுக்கு 65 டி.எம்.சி. கொடுத்தது. கூட்டினால் 719. ஆவியாகிப் போவது தனி. பிரித்தவர்கள் ஆற்றில் ஆண்டுக்கு 700 டி.எம்.சி.க்கும் மேல் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கையில் இருந்தது இருபது ஆண்டுகள்கூட நிரம்பாத பதிவு. அரசு நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த யூஜின் லாரூ என்ற நீரியலாளர், திட்டமிடும் அளவுக்கு ஆற்றில் தண்ணீர் இல்லை என்று அந்தக் காலத்திலேயே எச்சரித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பல்கலைக்கழகங்கள் இதற்குள் வருவது மரத்தின் வழியாக. அரிசோனா பல்கலைக்கழகத்தில் 1937-ல் ஏ.இ. டக்ளஸ் என்ற வானியலாளர் மர வளைய ஆய்வகம் ஒன்றை அமைத்தார். சூரியப் புள்ளிகளின் சுழற்சி மரங்களில் பதிவாகியிருக்கிறதா என்று தேடப் போனவர் அவர். ஆற்றுத் தகராறுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த ஆய்வகம் பல பத்தாண்டுகள் பல்கலைக்கழகக் கால்பந்து அரங்கின் இருக்கை வரிசைகளுக்கு அடியில்தான் இயங்கியது. வறண்ட சரிவில் நிற்கும் ஊசியிலை மரம், மழை குறைந்த ஆண்டில் மெல்லிய வளையமும் நல்ல மழை ஆண்டில் அகன்ற வளையமும் இடும். ஆற்றின் அளவுப் பதிவு இருக்கும் ஆண்டுகளின் வளையங்களோடு ஒப்பிட்டு உறவைக் கண்டுபிடித்துவிட்டால், பதிவே இல்லாத நூற்றாண்டுகளுக்கும் நீரோட்டத்தைக் கணிக்கலாம்.

1976-ல் அந்த ஆய்வகத்தின் சார்ல்ஸ் ஸ்டாக்டனும், கலிஃபோர்னியாவில் பணியாற்றிய கார்டன் ஜேக்கபியும் இதைச் செய்தார்கள். தண்ணீருக்காக உச்ச நீதிமன்றம் வரை மோதிக்கொண்ட இரு மாநிலங்களின் ஆட்கள் என்பதைக் கவனியுங்கள். முடிவு: நீண்ட காலச் சராசரி சுமார் 588 டி.எம்.சி.தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள், அதாவது ஆற்றைப் பிரிக்க அடிப்படையாக எடுத்துக்கொண்ட அதே ஆண்டுகள், நாலரை நூற்றாண்டுகளில் மிக ஈரமான காலங்களில் ஒன்று.

என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. அரிசோனாவின் பாலைவனத்தைக் குறுக்கே வெட்டி 541 கி.மீ. தூரம் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாய்த் திட்டம் 1973-ல் தொடங்கியிருந்தது. அது அப்படியே தொடர்ந்து 1993-ல் முடிந்தது. அதற்கு இடையில் 1983-ல் வெள்ளம் வந்து கிளென் கேன்யன் அணையின் உபரிநீர்ப் போக்கிச் சுரங்கங்கள் பெயர்ந்தன. மதகுகளுக்கு மேல் ஒட்டுப்பலகைகளை நிறுத்தித் தண்ணீரைத் தடுத்தார்கள். அணை நிரம்பி வழியும்போது "உங்கள் ஆற்றில் தண்ணீர் குறைவு" என்று ஒரு பேராசிரியர் சொன்னால் யார் கேட்பார்?

2000-க்குப் பிறகு வறட்சி பிடித்தது. நீர் மேலாளர்கள் மர வளையக்காரர்களைத் தேடி வந்தார்கள். 2007-ல் வெளியான புதிய கணிப்பு கி.பி. 762 வரை பின்னோக்கிப் போய், 12-ஆம் நூற்றாண்டில் நவீனப் பதிவுகளில் எங்கும் காணாத நீண்ட வறட்சி ஒன்றைக் காட்டியது. அதே ஆண்டு கூட்டாட்சி அரசு வெளியிட்ட பற்றாக்குறை வழிகாட்டு நெறிகளின் பின்னிணைப்பில் மர வளைய நீரோட்டம் இடம்பெற்றது. 1976-லிருந்து 31 ஆண்டுகள். அறிவியல் மெதுவாகத்தான் பரவும் என்று இதைச் சமாதானப்படுத்துபவர்கள் உண்டு, நான் ஏற்கமாட்டேன். எண் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாருடைய பங்கைக் குறைப்பது என்ற கேள்வியை எழுப்பாமல் அதை ஏற்க முடியாது என்பதால்தான் விட்டுவைத்தார்கள்.

இனி எல்லையின் மறுபக்கம். எனக்கு இந்தப் பகுதிதான் கூடுதல் சுவாரசியம்.

1961-ல் தென் அரிசோனாவின் ஒரு பாசனப் பகுதி, வயல்களுக்கு அடியில் தேங்கிய உவர்நீரைக் குழாய்க் கிணறுகளால் இறைத்து ஆற்றில் விட்டது. மெக்சிகோவுக்குப் போன தண்ணீரில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கும் மேல் உப்பு. மெக்சிகலி பள்ளத்தாக்கில் பயிர் கருகியது. விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். அளவு உடன்படிக்கைப்படி சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது, தரத்தைப் பற்றி 1944 உடன்படிக்கையில் ஒரு சொல் கிடையாது என்பது அமெரிக்காவின் வாதம். 12 ஆண்டுகள் இழுத்து 1973-ல் "மினிட் 242" கையெழுத்தானது. மினிட் என்பது இரு நாட்டு எல்லை நீர் ஆணையம் உடன்படிக்கையைத் திருத்தாமலேயே அதற்குச் சேர்க்கும் துணை ஒப்பந்தம். இந்தச் சொல் இனி அடிக்கடி வரும்.

அதன்படி உவர்நீரை ஆற்றில் விடாமல் தனி வடிகால் வெட்டி, 1977 முதல் மெக்சிகோவின் வெற்றுச் சேற்றுத் திட்டு ஒன்றில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கழிவுநீருக்கு ஒரு மூலை, அவ்வளவுதான் எண்ணம். ஆனால் ஆண்டுக்கு 4 டி.எம்.சி.க்கும் மேல் தண்ணீர் இடைவிடாமல் வந்ததில் அங்கே ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் சம்பு மண்டி, சியெனெகா தெ சாண்டா கிளாரா என்ற சதுப்புநிலம் உருவாகிவிட்டது. அருகிவரும் யூமா நீர்க்கோழிகள் உலகில் மிக அதிகமாக வாழும் இடம் இன்று அதுதான். எந்த ஒப்பந்தத்திலும் அதற்கென்று ஒரு சொட்டும் ஒதுக்கப்படவில்லை. அந்த உவர்நீரைச் சுத்திகரித்து மீட்பதற்காகவே அமெரிக்கா யூமாவில் பெரிய ஆலை கட்டி 1992-ல் முடித்தது. அது முழுதாக ஓடினால் சதுப்புநிலம் காய்ந்துவிடும்.

அரிசோனா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் க்ளென் உவர்நிலத் தாவரங்களை ஆராய்ந்தவர். அவரும் மாணவர்களும் மெக்சிகோ ஆய்வாளர்களோடு சேர்ந்து, இந்த இடத்துக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு வரை தாங்கும் என்று அளக்கத் தொடங்கினார்கள். இன்னொரு பக்கம் நிலவியலாளர் கார்ல் ஃப்ளெஸ்ஸாவின் குழு கழிமுகத்தில் கிடந்த கிளிஞ்சல் மேடுகளை ஆராய்ந்தது. அந்த மேடுகளில் குறைந்தது இரண்டு லட்சம் கோடி ஓடுகள் கிடப்பதாகக் கணக்கிட்டார்கள். அணைகளுக்கு முன் சதுர மீட்டருக்கு 50 என்ற அளவில் வாழ்ந்த கிளிஞ்சல்கள் இப்போது 3 ஆகக் குறைந்திருந்தன. ஓட்டில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளைப் பார்த்தால், அந்தச் சிப்பி வளர்ந்த காலத்தில் ஆற்று நன்னீர் அங்கே எட்டியதா என்பதும் தெரியும். ஆறு கடலைச் சேர்ந்ததற்குச் சான்று அந்த ஓட்டிலேயே இருந்தது.

அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு தற்செயலானது. 1980-களிலும் 90-களிலும் அணைகள் நிரம்பி உபரிநீர் மெக்சிகோவுக்குள் வழிந்தபோது, செத்துவிட்டதாக எல்லோரும் நினைத்த டெல்டாவில் காட்டன்வுட், வில்லோ மரங்கள் தாமாக முளைத்தன. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு காடு என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்குப் போட முடிந்தது. 1999 வாக்கில் ஓர் உத்தேசம் வந்துவிட்டது: 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுமார் 11 டி.எம்.சி. வெள்ளமும், ஆண்டுதோறும் சுமார் 1.4 டி.எம்.சி. அடிப்படை ஓட்டமும், அதாவது தொடர்ந்து சிறிது சிறிதாக விடும் நீரும், போதும். ஆற்றின் மொத்த ஓட்டத்தில் இது ஒரு சதவீதத்துக்குக் கீழே. "டெல்டாவைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்டால் எந்த நீர்வள அதிகாரியும் கதவைச் சாத்துவார். "ஒரு சதவீதம்" என்று கேட்டால் உட்காரச் சொல்வார்.

இந்தக் கூட்டுறவு எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்டால், புரிந்துணர்வு ஒப்பந்தங்களால் அல்ல என்பேன். துணைவேந்தர்கள் கைகுலுக்கும் படங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாணவர்கள்தான் பாலம். பறவையியலாளர் ஓஸ்வெல் இனோஹோசா-வெர்தா அரிசோனாவில் முனைவர் பட்டம் பெற்றவர்; மெக்சிகோ தொண்டு நிறுவனமான ப்ரோனதுராவில் டெல்டா பணியைப் பார்த்தார். மெக்சிகலியில் உள்ள பாஹா கலிஃபோர்னியா தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் ஹோர்ஹே ராமிரெஸ்-எர்னாண்டெஸ் நிலத்தடி நீரை அளந்துகொண்டிருந்தார். எல்லைக்கு அப்பால் கிணற்று மட்டம் என்ன என்று அமெரிக்கப் பேராசிரியருக்குத் தெரிய வேண்டுமானால் அவரைத்தான் கேட்க வேண்டும். இப்படி ஒருவருக்கொருவர் தேவைப்பட்டார்கள். பிறகு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் ஃப்ளெஸ்ஸா தலைமையில் டெல்டா ஆய்வு ஒருங்கிணைப்பு வலையமைப்பு உருவானது. புதிய ஆய்வுக்கு நிதி தருவதைவிட, ஏற்கெனவே ஆய்வு செய்பவர்களை ஒன்றாக உட்கார வைப்பதற்கு நிதி தருவது அதன் நோக்கம். பார்வைக்குச் சிறிய விஷயம். என் மதிப்பீட்டில் மொத்தக் கதையிலும் மிகச் சரியாகச் செலவான பணம் அது.

முதல் சோதனை 2010-ல் வந்தது. யூமா ஆலையை மூன்றில் ஒரு பங்கு திறனில் ஓட்டிப் பார்க்க அமெரிக்கா முடிவு செய்தது. சதுப்புநிலத்துக்குக் குறையும் சுமார் 1.3 டி.எம்.சி.யை அமெரிக்கா, மெக்சிகோ, தொண்டு நிறுவனங்கள் ஆகிய மூன்று தரப்பும் சமமாக ஈடுகட்டுவது என்று மினிட் 316 சொன்னது. கண்காணிப்பு இரு நாட்டுப் பல்கலைக்கழகக் குழுவின் கையில். ஈட்டுத் தண்ணீர் வந்ததால் சதுப்புநிலம் பெரிய சேதமின்றித் தப்பியது. சுற்றுச்சூழலுக்கு என்று தனியாகத் தண்ணீர் எண்ணிக் கொடுக்கலாம், கொடுத்ததை இரு நாட்டாரும் சேர்ந்து சரிபார்க்கலாம் என்ற வழக்கம் அங்கே பிறந்தது.

ஆனால் பெரிய கதவைத் திறந்தது பல்கலைக்கழகம் அல்ல, நிலநடுக்கம். 2010 ஏப்ரல் 4 அன்று 7.2 அளவில் மெக்சிகலி பள்ளத்தாக்கு குலுங்கியது. பாசனக் கால்வாய்கள் உடைந்தன. தன் பங்குத் தண்ணீரை வாங்கிக்கொள்ள மெக்சிகோவுக்கு வழியில்லை. அதை அமெரிக்காவில் இந்த ஆற்றின் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரியிலேயே சேமித்து வைக்க அந்த ஆண்டு டிசம்பரில் மினிட் 318 அனுமதித்தது. மீட் ஏரி அப்போது இறங்கிக்கொண்டிருந்ததால் அமெரிக்காவுக்கும் அது லாபம். இந்த ஏற்பாட்டை விரிவாக்கி 2012 நவம்பரில் கையெழுத்தான மினிட் 319-ல், டெல்டாவுக்கு ஒரு வெள்ளமும் அடிப்படை ஓட்டமுமாக மொத்தம் சுமார் 6.9 டி.எம்.சி. இடம்பெற்றது. பேச்சு தொடங்கியபோது எண் தயாராக மேசைமேல் இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் வாய்ப்பு வந்த வேகத்தில் போயிருக்கும்.

2014 மார்ச் 23 அன்று எல்லையில் உள்ள மொரெலோஸ் அணையின் மதகுகள் திறந்தன. 8 வாரங்களில் 4.6 டி.எம்.சி.; உச்சத்தில் விநாடிக்கு சுமார் 4,200 கன அடி. சான் லூயிஸ் ரியோ கொலராடோ என்று ஆற்றின் பெயரையே தாங்கியிருந்தும் வருடக்கணக்கில் மணலை மட்டுமே பார்த்த ஊரில், சனம் ஆற்றுக்குள் இறங்கிக் கொண்டாடியது. மே மாதம் நடுவில் தண்ணீர் கடலலையைத் தொட்டது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர்கள் ஆற்றில் விட்டதை ஆற்றுக்குள் நின்றே அளந்தார்கள். நீரோட்டம், கண்காணிப்புக் கிணறுகளின் மட்டம், நாற்றுகள், பறவைகள், செயற்கைக்கோள் படத்தில் பசுமை, எல்லாவற்றுக்கும் இரு நாட்டுக் குழு. முடிவுகள் விழாவைப் போல இனிப்பாக இல்லை. தண்ணீரில் பெரும்பகுதி, நிலத்தடி நீர் ஆழத்துக்கு இறங்கிவிட்ட மேல் பகுதி மணலிலேயே உறிஞ்சப்பட்டது. அந்த ஆண்டு பசுமை சுமார் 16 சதவீதம் கூடியது, பிறகு படிப்படியாகக் குறைந்தது. காட்டன்வுட்டும் வில்லோவும் முன்கூட்டியே புதர் வெட்டிப் பண்படுத்திய இடங்களில்தான் நன்றாக நின்றன. மற்ற இடங்களில் டாமரிஸ்க் என்ற வேற்றுநிலப் புதர் முந்திக்கொண்டது.

இந்தச் சங்கடமான முடிவை மறைக்காமல் எழுதியதுதான் கூட்டாய்வின் உண்மையான பலன் என்று நினைக்கிறேன். வெள்ளத்துக்காகப் பாடுபட்டவர்களே "வெள்ளம் எதிர்பார்த்த அளவு பயன் தரவில்லை" என்று எழுதினார்கள். அதனால் 2017-ன் மினிட் 323-ல் பெரு வெள்ளம் இல்லை. 9 ஆண்டுகளில் சுமார் 9 டி.எம்.சி.; மூன்றில் ஒரு பங்கு அமெரிக்கா, ஒரு பங்கு மெக்சிகோ, ஒரு பங்கு தொண்டு நிறுவனங்கள். 2021 முதல் அந்த நீரை மணல் பகுதியில் விடாமல், மெக்சிகலியின் பாசனக் கால்வாய்கள் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய், மரம் நட்ட இடங்களுக்கு அருகில் ஆற்றில் இறக்கினார்கள். தண்ணீர் குறைவு, பலன் அதிகம். ஒரு நாட்டின் ஆய்வாளர்கள் மட்டும் இதைச் சொல்லியிருந்தால், மறு நாடு "தண்ணீர் தராமல் தப்பிக்கும் தந்திரம்" என்று சந்தேகித்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகு கூட்டாய்வைக் கோயிலில் வைத்துக் கும்பிட வேண்டியதில்லை. இரண்டு குறைகளைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலாவது, பெரிய நலன் எதிரே நின்றால் எண் தோற்கும். எல்லையை ஒட்டி ஓடும் கலிஃபோர்னியாவின் பெரிய கால்வாய் மண் கரையில் இருந்தவரை, கசிந்த நீர் எல்லைக்கு அப்பால் மெக்சிகலி விவசாயிகளின் கிணறுகளில் ஊறியது. ஆண்டுக்கு சுமார் 3 டி.எம்.சி. யாருக்கு எவ்வளவு போகும் என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. சான் டியேகோ பகுதிக்கு அந்தத் தண்ணீர் வேண்டும் என்பதால் கால்வாய்க்கு கான்கிரீட் பூசினார்கள். வழக்கு நடந்தது, 2006-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி வேலையைத் தொடர வைத்தது.

இரண்டாவது, யார் அளக்கிறார் என்பதோடு எதை அளக்கிறார் என்பதும் இருக்கிறது. டெல்டாவின் பழங்குடிகளான குகாபா மக்கள் ஆற்றிலும் கழிமுகத்திலும் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். 1993-ல் கழிமுகம் உயிர்க்கோளக் காப்பகமானபோது அவர்களின் மீன்பிடியே சட்டச் சிக்கலானது. ஆற்றை வற்றடித்தவர்கள் மேலே இருக்க, மிச்சமிருந்த மீனுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் கீழே இருந்தவர்கள். பறவைக்கும் மரத்துக்கும் பல ஆண்டுத் தரவு இருக்கிற அளவுக்கு இந்த மக்களின் வாழ்க்கைக்கு இல்லை. அமெரிக்கப் பக்கத்திலும் இதே கதைதான்: படுகையில் 30 பழங்குடி நாடுகள் உள்ளன, 1922 மேசையில் ஒருவருக்கும் நாற்காலி இல்லை.

உங்கள் ஊர் ஆற்றுக்கு இதை எப்படிப் பொருத்துவது என்று அடுத்துக் கேட்பீர்கள் என்று தெரியும். எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: எதிர்த் தரப்பின் பல்கலைக்கழகம் அளந்த கிணற்று மட்டத்தை உங்கள் தரப்பு தன் அறிக்கையில் அப்படியே பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். பயன்படுத்தினால் கூட்டாய்வு நடக்கிறது. இல்லையென்றால் நடப்பது கூட்டம்.

கொலராடோவில் அந்தச் சோதனை மீண்டும் வருகிறது. 2000-க்குப் பிறகு ஆற்றின் சராசரி 540 டி.எம்.சி. அளவுக்கு இறங்கிவிட்டது, 2021 ஆகஸ்டில் மீட் ஏரிக்கு வரலாற்றில் முதல் முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. 2007-ன் வழிகாட்டு நெறிகளும் மினிட் 323-ம் 2026 முடிவு வரைக்குமானவை. டெல்டாவுக்குத் தண்ணீரும், அதை இரு நாட்டார் சேர்ந்து அளப்பதற்கான ஏற்பாடும், அதற்கு அடுத்த மினிட்டில் இடம் கிடைப்பதைப் பொறுத்தவை. மேல் படுகையும் கீழ்ப் படுகையும் யார் எவ்வளவு குறைத்துக்கொள்வது என்று மோதிக்கொள்ளும் பேச்சில், அந்த ஒரு சதவீதத்தை மறுபடி யாராவது எடுத்து வைக்க வேண்டும்.